முழங்கால் என்று சொன்ன வலி

ராத்தா கதிரையில் குந்தியிருந்து தொழுவதைக் கண்ட அன்றுதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

என் ராத்தா, அதாவது அக்கா, என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. காய்ச்சலில் கிடந்தாலும் பாயை விரித்து, நெற்றி நிலத்தில் படத் தொழுதால்தான் அவளுக்குத் தொழுத மாதிரி இருக்கும். மூட்டு நோவென்று கதிரையில் இருந்து தொழுகிற பெண்களைப் பற்றி அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்து, தலையை மட்டும் குனிந்து அஸர் தொழுதாள். முடித்துவிட்டு எழும்பும்போது கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து, மூச்சை அடக்கி, உதட்டைக் கடித்தாள். நான் கதவடியில் நிற்பது அவளுக்குத் தெரியாது.

அவள் அப்போது இத்தாவில் இருந்தாள். அவளுடைய கணவர், எங்கள் மச்சான், மௌத்தாகி மூன்று மாதம் கழிந்திருந்தது. கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அலங்காரம் கூடாது, மறுமணப் பேச்சுக் கூடாது. மார்க்கம் கேட்பது அவ்வளவுதான். அதற்கு மேல் நாங்களாகவும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறோம். ராத்தா தன் அறை யன்னல்களுக்கு வெள்ளைத் துணி அடிக்கச் சொன்னாள். பிற ஆண்களின் பார்வை படக் கூடாது என்பது சரி, வானம்கூடத் தெரியக் கூடாதாம். அவளோடு இருக்கும் மகள் மறுபேச்சில்லாமல் ஆணி அறைந்து துணி அடித்துக் கொடுத்தாள். நடுப்பகலிலும் அந்த அறையில் லைட் போட்டுத்தான் ஓத வேண்டியிருந்தது.

"என்ன ராத்தா, கதிரையில தொழுறீங்க?" என்று கேட்டேன்.

அவள் திடுக்கிட்டாள். "முழங்கால் கா. வயசும் போகுதுதானே." எங்கள் ஊரில் பெண்களைக் கூப்பிட வயது பாராமல் "கா" போடுவோம்.

முழங்கால் கதை எனக்குப் பழையது. மச்சான் இருந்த காலத்திலேயே அவளை ஒரு டொக்டரிடம் கூட்டிப்போய், முழங்காலை எக்ஸ்ரே படம் பிடித்து, ஒன்றுமில்லை, பூசிக்கொள்ளுங்கள் என்று ஒரு களிம்பும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எதிர் வீட்டுப் பெண் நாள் தவறாமல் ஒரு போத்தல் எண்ணெயோடு வருவாள். அவளுக்கும் ராத்தாவின் வயதுதான். படியேறும்போது கதவு நிலையைப் பிடித்து, "எனக்கும் இந்தச் சனியன் முழங்கால்தான் கா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, ராத்தாவின் காலைத் தன் மடியில் வைத்துத் தேய்ப்பாள். இருவரும் முழங்காலைத் திட்டுவார்கள். சில நாட்களில் சிரிப்புச் சத்தமும் கேட்கும். இத்தா வீட்டில் அந்தச் சிரிப்பு நல்லதென்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் அன்று ராத்தா கழிவறைக்கு நடந்து போனதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். வலது காலை ஊன்றும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்து எழும்பியது. முழங்கால் நோகிறவர்கள் அப்படி நடக்க மாட்டார்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கு முந்திய வருடம் நானே நன்றாகப் பட்டிருந்தேன்.

எனக்கு மாதவிடாய் நின்ற வருடம் அது. நான் ஒரு பெண்கள் பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஏற்கெனவே எனக்கு மூக்கு நுனியில் கோபம். அந்த வருடம் அது மூக்கைத் தாண்டிப் போயிருந்தது. வகுப்பில் நிற்கும்போதே கழுத்திலிருந்து உச்சந்தலை வரைக்கும் தீப்பற்றும். பிள்ளைகள் பயந்துபோய் ஃபேனைக் கூட்டிவிடுவார்கள். அதைக்கூடச் சமாளித்தேன். ஆனால் தொடையெல்லாம் உளைந்தது, மேல்மாடி வகுப்புக்கு ஏற முடியவில்லை, தரையில் இருந்தால் எதையாவது பிடிக்காமல் எழும்ப முடியவில்லை. டவுணில் ஒரு பெண் டொக்டரிடம் போனேன். இரத்தம் சோதித்துவிட்டு, விட்டமின் டி மிகவும் குறைவு என்றார். "வெயில் படுறீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டொக்டர், மட்டக்களப்பில வெயிலுக்குப் பஞ்சமா?"

"ஊருக்குள்ள வெயில் இருக்கு, சரி. உங்கட தோலில எந்த நேரம் படுது?"

காலையில் எழும்பியதிலிருந்து யோசித்துப் பார்த்தேன். வீட்டிலிருந்து வேன், வேனிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து வேன். அபாயாவின் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. நான் விரும்பி உடுக்கும் உடுப்பு அது. முன்பு பெண்கள் வீட்டு வளவுக்குள்ளேயே கையைக் காலைக் காட்டி வெயிலில் வேலை செய்தார்கள். இப்போது வளவு எங்கே இருக்கிறது? எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். உம்மாமாரின் வளவு மகள்மாருக்குப் பிரிந்து பிரிந்து, கிணற்றடியில் ஒரு வீடு, உடுப்புக் காயப்போட்ட இடத்தில் ஒரு வீடு, அதற்கு மேல் ஒரு மாடி என்று ஆகிவிட்டது. ராத்தாவின் வளவில் மட்டும் மூன்று வீடுகள். நடுவில் மிஞ்சியிருப்பது ஒரு பாய் விரிக்கிற இடம். அதையும் பக்கத்து மாடி எட்டிப் பார்க்கும்.

அந்த டொக்டர் எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். மாதவிடாய் நிற்கும்போது எலும்பைக் காத்துக்கொண்டிருந்த ஹோர்மோன் குறைந்துவிடும், எலும்பு வேகமாகத் தேயத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து விட்டமின் டியும் இல்லையென்றால், பாலும் நெத்தலியும் எவ்வளவு சாப்பிட்டாலும் கல்சியம் எலும்புக்குச் சரியாகப் போய்ச் சேராது. கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் இருந்து வெயில் காய்ந்தால் வேலைக்கு ஆகாது. கிழமைக்கு ஒரு குளிசை எழுதித் தந்தார். நான் எழும்பி வரும்போது, "தொடை இடுக்கில நோவு வந்து, நொண்டுற மாதிரி இருந்தா மட்டும் ஒரு நாளும் வெச்சிருக்காதீங்க. எலும்பு வெடிச்சிருக்கலாம், உடனே வரணும்" என்றார். அது எனக்கு வரவில்லை. குளிசையை விழுங்கி, இடைவேளையில் பிள்ளைகள் மட்டும் நிற்கும் மைதானத்தில் சட்டைக் கையை மடித்துவிட்டு நின்று, கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினேன். அந்த வசனத்தை மறந்தும் போனேன். ராத்தாவின் நடையைப் பார்த்தபோதுதான் அது காதில் திரும்பக் கேட்டது.

மறுநாள் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். ராத்தாவின் முழங்காலைப் பிடித்து அமத்தினேன். முகம் மாறவில்லை. மடக்கினேன், நீட்டினேன். ஒன்றுமில்லை. கட்டிலில் காலைத் தூக்கி வைக்கச் சொன்னேன். அவள் தன் இரண்டு கையாலும் பாவாடையோடு சேர்த்துக் காலைத் தூக்கி வைத்தாள். நெற்றியில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது.

"உண்மையச் சொல்லுங்க. எங்க நோகுது?"

அவள் மகளைப் பார்த்தாள். "போய்த் தேத்தண்ணி ஊத்து புள்ள" என்று அனுப்பினாள். கதவு சாத்தும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து, தொடை இடுக்கில் ஒரு கணம் வைத்துவிட்டு, சுட்டுவிட்டது போல எடுத்துவிட்டாள்.

"அங்கதான் கா. முதல்லயிருந்தே அங்கதான். அந்த டொக்டர் ஆம்பிளை. உன்ட மச்சானும் பக்கத்தில நிக்கிறார். எப்பிடிச் சொல்ற? முழங்கால் எண்டு சொல்லிட்டன். மறுகா எல்லாருக்கும் அதையே சொல்ல வேண்டியதாப் போச்சு."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அந்த டொக்டர் பாவம், அவள் காட்டிய முழங்காலைத்தான் பார்த்தார். எத்தனை மாத எண்ணெய், எத்தனை மாதக் களிம்பு! எலும்பில் ஏதாவது வெடிப்பு இருந்து, ஒரு நாள் கழிவறையில் கால் சறுக்கினால் அது முறிந்து போகும், பிறகு அவள் நடப்பாளா மாட்டாளா என்பதை அல்லாஹ்தான் அறிவான். அப்படி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்து, பிறகு எழும்பாமலே போன பெண்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

"வெளிக்கிடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"இத்தா முடியட்டும் கா. இன்னம் கொஞ்ச நாள்தானே. புருசன் மௌத்தாகி நாலு மாசம் வீட்டில இருக்க ஏலாம வெளிக்கிட்டுட்டாள் எண்டு சொல்ல மாட்டாங்களா?"

தேத்தண்ணியோடு வந்த மகளும் அதையே சொன்னாள். "ஊர் என்ன சொல்லும் சாச்சி? உம்மாவும் வரமாட்டன் எண்டுதானே சொல்றா."

"ஊரா வந்து உன்ட உம்மாவத் தூக்கிக் கழுவப் போகுது?" என்று கத்தினேன். பிள்ளை அழுதுவிட்டாள். எனக்கு அதைப் பற்றிக் கவலைப்பட அப்போது நேரமிருக்கவில்லை.

எங்கள் பள்ளிவாசல் மௌலவிக்குப் போன் எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். விசயத்தைச் சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"டீச்சர், வருத்தக்காரியை மருந்துக்குக் கொண்டுபோறதை ஆர் தடுத்த? இத்தாவில இருந்தா என்ன, எதில இருந்தா என்ன? இப்பவே கொண்டு போங்க."

"யன்னலுக்குத் துணி அடிச்சு, வெயில் வெளிச்சம் ஒண்டும் இல்லாம இருக்கா மௌலவி."

"அதை ஆர் சொல்லிக்குடுத்த?"

ராத்தா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு, நாளைக்குப் போவோமா என்றாள். பிறகு, பெண் டொக்டர் இருக்கிற நாள் பார்த்துப் போவோமா என்றாள். இத்தா ஒரு சாட்டுத்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. மார்க்கம் விட்டுக்கொடுத்த பிறகும் அவள் போகாததற்குக் காரணம் அந்த இடத்தின் பெயரைச் சொல்ல முடியாத வெட்கம்தான். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. அவளுடைய இடத்தில் நானும் முழங்கால் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஓட்டோ வாசலுக்கு வந்தது. ராத்தாவின் வீடு வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டியது. ரோட்டுக்கு இறங்கப் படிகள் உண்டு. அவள் நடந்தே வருவேன் என்றாள். நான் விடவில்லை. தொழுத அதே பிளாஸ்டிக் கதிரையில் அவளை வைத்துத் தூக்கினோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் மகள், பின்னால் எண்ணெய்ப் போத்தலோடு வந்து சேர்ந்த எதிர் வீட்டுப் பெண். முதல் படி இறங்கினோம். இரண்டாவது படியில் எதிர் வீட்டுப் பெண் "அல்லாஹ்!" என்று கத்திக்கொண்டு கையை விட்டாள். கதிரை பின்னால் சரிந்தது. ராத்தாவின் இடுப்பு படியில் இடிக்க ஒரு சாண்தான் இருந்தது. என் தோளில் ஏதோ இழுபட்டது. மகள் தன் வயிற்றால் முட்டுக்கொடுத்துக் கதிரையை நிமிர்த்தினாள். இத்தாவில் இருக்கிற பெண்ணைப் பார்க்கக் கூடாதென்று மறுபக்கம் திரும்பி நின்ற ஓட்டோக்காரர், சத்தம் கேட்டு ஓடிவந்து பின்பக்கத்தைப் பிடித்தார்.

"முழங்கால் விட்டிட்டுது கா" என்று எதிர் வீட்டுப் பெண் படியில் இருந்துவிட்டாள்.

ஏலாதென்றால் ஏன் பிடிக்க வந்தாய் என்று அவளைப் பார்த்து முறைத்துவிட்டு ஓட்டோவில் ஏறினேன்.

நாவற்குடா தாண்டும் வரைக்கும் ரோட்டில் ஒவ்வொரு மேட்டுக்கும் ராத்தா என் கையை நசுக்கினாள். மெதுவாகப் போங்கள் என்று நான் ஓட்டோக்காரரிடம் சொல்லிச் சொல்லி அவருக்கே வெறுத்துவிட்டது. பாலத்தில் ஏறியபோது வாவியிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மூன்று மாத இருட்டிலிருந்து வந்த கண்.

ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்க வந்தவர் ஆண் டொக்டர். வயது முப்பதுகூட இராது.

"எங்கம்மா நோகுது?"

"முழங்கால்" என்றாள் ராத்தா.

எனக்குத் தலையில் இரத்தம் ஏறியது. டொக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார், மடக்கினார். பிறகு பேனையை எடுத்தார். இவர் முழங்காலைப் படம் பிடிக்கத் துண்டு எழுதிக் கொடுப்பார், அது நல்லாய் இருக்கிறது என்று வரும், நாங்கள் வீட்டுக்குப் போவோம், அவள் அந்தக் காலோடு நடப்பாள். நான் வாயைத் திறந்தேன். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் பதிய. சொல்லாதே என்கிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை மூடினாள். மற்றக் கையைத் தூக்கி, அபாயாவின் மேலாகத் தொடை இடுக்கில் வைத்தாள். இந்த முறை எடுக்கவில்லை.

"இங்க மகன்" என்றாள். "முழங்கால் இல்ல. இங்க."

டொக்டர் பேனையை வைத்துவிட்டார். அவளுடைய பாதத்தைப் பிடித்துக் காலை மெல்ல உள்பக்கம் திருப்பினார். அவள் கத்திய சத்தத்தில் வார்டில் எல்லாரும் திரும்பினார்கள்.

படம் வந்தபோது அவர் கிட்டத்தட்ட ஓடியே வந்தார். "இவங்கள ஆரும் நடக்க விடாதீங்க. ஒரு அடியும் வேணாம்" என்றார். தொடையெலும்பின் கழுத்தில் ஒரு வெடிப்பு, மயிர் அளவுதான். இன்னும் விலகவில்லை. ஒரு சறுக்கல், ஒரு இடறல் போதும், இரண்டாகப் பிரிந்திருக்கும் என்றார். நான் படியில் சரிந்த கதிரையை நினைத்தேன். விட்டமின் டி முடிவு வந்தபோது அது என்னுடையதைவிட மோசமாக இருந்தது. துணி அடித்த மூன்று மாதத்தில் மட்டும் வந்த குறை இல்லை, நெடுங்காலமாக வந்தது, அந்த மூன்று மாதம் அதை அடிமட்டத்துக்குக் கொண்டுபோயிருக்கும் என்றார்கள்.

எலும்புக்கு ஸ்குரூ பூட்டினார்கள். ராத்தா மயக்கம் தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, இனி நிலத்தில் நெற்றி வைத்துத் தொழ முடியுமா என்பதுதான். எலும்பு பொருந்தட்டும், பார்ப்போம் என்றார் அந்த மகன். அவர் எவ்வளவு சொல்லியும் அவள் அவரை டொக்டர் என்று கூப்பிடவேயில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் யன்னல் துணிகளைக் கழற்றினாள். மீதி இத்தாவை ராத்தா வெளிச்சத்தில் இருந்தாள். நடு வளவில் நண்பகலுக்கு முந்தி கொஞ்ச நேரம் வெயில் நேராக விழும். பக்கத்து மாடி பார்க்கும் பக்கத்துக்கு அந்த வெள்ளைத் துணிகளையே கயிறு கட்டித் தொங்கவிட்டோம், மேலே வானத்தை மட்டும் திறந்து வைத்தோம். ராத்தாவைக் கதிரையோடு கொண்டுபோய் நடுவில் வைப்போம். அவள் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, ஊன்றுகோலை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு இருப்பாள். "கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்கு" என்று நான் பகிடி பண்ணினால், "நீயும் வந்து காய்" என்பாள். மகளையும் விடமாட்டாள். குளிசையை மட்டும் மறந்துவிடாதீர்கள், இந்த நிலைமைக்கு வெயில் மட்டும் போதாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நான் கிழமைக்குக் கிழமை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அப்படி ஒரு நாள் எதிர் வீட்டுப் பெண் வந்தாள். ராத்தா ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவள் வருவது குறைந்திருந்தது. நான் முறைத்ததுதான் காரணம் என்று நினைத்து எனக்கு உறுத்தலாக இருந்தது. கதவு நிலையைப் பிடித்து, சுவரைப் பிடித்து, மெல்ல மெல்ல வந்து ராத்தாவுக்கு எதிரே கதிரையில் இருந்தாள். கையில் அதே எண்ணெய்ப் போத்தல்.

"முழங்கால்ல முறிவு எண்டு சொன்னாங்க, உண்மையா கா?"

"முழங்காலா?" ராத்தா சிரித்தாள். "அது நான் சொன்ன பொய். எனக்கு முழங்கால்ல ஒரு நாளும் நோவு இருக்கல்ல. இங்கதான்." தொடை இடுக்கில் கையை வைத்துக் காட்டினாள். "சொல்ல வெட்கத்தில எலும்பு வெடிக்கும் மட்டும் வெச்சிருந்தன்."

எதிர் வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. தொங்கவிட்ட துணியைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். போத்தலின் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"எனக்கும் அங்கதான் கா" என்றாள்.

"எவ்வளவு காலமா?"

"நோன்புக்கு முந்தியிருந்து. அண்டைக்கு உங்களத் தூக்கக்குள்ளயும் அங்கதான் புடிச்ச."

சொல்லிவிட்டு அந்த வெட்கத்தில் உடனே போகப் பார்த்தாள். கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்து, மூச்சை அடக்கி, உதட்டைக் கடித்தாள்.

"எழும்பாத!" ராத்தா போட்ட சத்தத்தில் பக்கத்து மாடி யன்னல் திறந்தது. ஊன்றுகோலை நீட்டி அவளுடைய காலுக்குக் குறுக்கே வைத்தாள். "ஒரு அடி வெக்காத. அப்பிடியே இரு. புள்ள, ஓட்டோவக் கூப்பிடு!"

மகளுக்கு முந்தி நான் போனை எடுத்தேன். எதிர் வீட்டுப் பெண் அழத் தொடங்கியிருந்தாள். ஆம்பிளை டொக்டராக இருந்தால் என்ன சொல்லுவது என்று கேட்டாள். ராத்தா கதிரையில் முன்னுக்குச் சரிந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாயால சொல்ல ஏலாட்டி, கைய வெச்சுக் காட்டு" என்றாள். "இங்க மகன் எண்டு சொல்லு."